மடையில் சிக்கியதும் மடியில் சிக்கியதும்

கடைமடைக்காரன் | ஜூன் 28, 2025, இரவு 9:10

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தார்கள். மூன்று நாள் கழித்துக் கல்லணை. எங்கள் ஊர் வெள்ளையாற்றின் கடைமடை. இங்கிருந்து கடல் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். நேற்று விடியற்காலையில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது.

அப்பா காலத்தில், தண்ணீர் வந்துவிட்டது என்று மதகு திறந்துவிடும் லஸ்கர் சொல்லிவிட்டுப் போனால் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் மதகடிக்கு ஓடுவோம். முதலில் நுரை வரும். அதன் பின்னால் சருகும் வைக்கோலும், பந்துபோலத் திரண்டு மிதக்கும் எறும்புகளும். அப்புறம்தான் கலங்கிய புதுத்தண்ணீர். அம்மா அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எங்களையும் ஒற்றச் சொல்வார்.

நேற்றும் மதகடிக்குப் போனேன். வயது 63. முதலில் வந்தது தண்ணீர் பாட்டில்கள். அவற்றின் பின்னால் தெர்மாகோல் தட்டு, கல்யாணப் பந்தியில் விரிக்கும் நீளத் தாள், குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர், ஷாம்பு பாக்கெட், மசாலா பாக்கெட், பான்பராக் உறை. நெய்வேலிக் காட்டாமணக்கிலும் ஆகாயத்தாமரையிலும் இவை எல்லாம் சுற்றிக்கொண்டு ஷட்டர் வாயை அடைத்துவிட்டன. தண்ணீர் கீழே இறங்காமல் கரையைக் கரைக்கத் தொடங்கியது. நாங்கள் நான்கு பேர் அரிவாளும் கொக்கிக் கழியும் வைத்து நடுப்பகல் வரை இழுத்துப் போட்டோம். உரச்சாக்கில் அள்ளியபோது 14 சாக்கு வந்தது.

விற்கக்கூடியது எவ்வளவு என்று பார்க்கலாமென்று அத்தனையையும் களத்தில் கொட்டிப் பிரித்தேன். பாட்டில், எண்ணெய் கேன், உடைந்த பக்கெட், நாற்காலிக் கால் என்று ஒன்றரைச் சாக்குத் தேறியது. காயலான் கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டார். மீதி பன்னிரண்டரைச் சாக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது இப்போது என் களத்தில் கிடக்கிறது. கரையில் கொட்டினால் அடுத்த மழைக்கு வாய்க்காலுக்கே திரும்பும் என்பது எனக்குத் தெரியும். கோடையில் தூர்வாரும் இயந்திரம் வண்டலோடு பிளாஸ்டிக்கையும் அள்ளிக் கரைமேல் வைத்தது. அந்தக் கரையிலிருந்து சரிந்து வந்ததும் நேற்றைய குப்பையில் இருந்தது.

என் மனதை அறுக்கும் கேள்வி வேறு. 1990 வாக்கில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சாமானும் தெருவுக்குப் போனதில்லை. உடைந்த குடத்தைப் பரணில் போட்டுவைப்போம். பேரீச்சம்பழக்காரரோ வெங்காயக்காரரோ மணி அடித்துக்கொண்டு வருவார். குடத்தைக் கொடுத்தால் ஒரு கை பேரீச்சம்பழம், பழைய செருப்புக்குக் கொஞ்சம் வெங்காயம். பால் உறையைக் கழுவி அடுக்களை ஆணியில் குத்திவைப்போம். மறுசுழற்சி என்ற சொல் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. இப்போது சுவருக்குச் சுவர் எழுதியிருக்கிறார்கள், வீட்டில் அந்த ஆணியைக் காணோம்.

அந்தப் பழக்கம் எங்கே போயிற்று? என் மதகில் நான் இழுத்துப் போடாதது எங்கே போகிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கரைவலை | ஜூன் 28, இரவு 11:47

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அது என் மடிக்கு, அதாவது வலையில் மீன் சேரும் பைக்கு வருகிறது.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அப்பா கட்டுமரத்தில் போனார், நான் ஃபைபர் படகில் போகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். தடை முடிந்து முதல் தொழிலுக்குப் போகிறவனுக்கு நெஞ்சு நிறைய எதிர்பார்ப்பு இருக்கும். இந்த வருடம் எங்கள் ஊர் விசைப்படகு ஒன்று முதல் இழுப்பை மேலே தூக்கியபோது மடி கனமாக வந்ததாம். மீன்பாடு நன்றாக அமைந்துவிட்டது என்று ஆட்கள் கூவியிருக்கிறார்கள். அவிழ்த்துப் பார்த்தால் பாதி பிளாஸ்டிக் உறை. உறை வலைக்கண்ணில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் வழியாது. வழியாவிட்டால் வலை பாறையைப்போல் இழுக்கும், டீசல் கூடும், மீன் நசுங்கும். நசுங்கிய மீனுக்கு ஏலத்தில் விலை இல்லை. வலையை அலசி எடுக்கவே நான்கு ஆளுக்கு அரை நாள்.

இது இந்த மாதத்துக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் எங்கள் கரையைப் பார்க்க வேண்டும். ஆறுகள் வெள்ளமெடுத்தால் முகத்துவாரத்துக்கு நேரே கடல் செம்மண் நிறமாகிவிடும். அந்தத் தண்ணீரின் ஓரத்தில் குப்பை கயிறு திரித்ததுபோல நீளமாகக் கோடு கட்டி மிதக்கும். வாடைக்காற்று வீசும்போது நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். அரசலாறு காரைக்காலில் விடுவதும் காவிரி பூம்புகாரில் விடுவதும் கொள்ளிடம் பழையாற்றில் விடுவதும் எங்கள் கரையைத் தொட்டுக்கொண்டுதான் கோடியக்கரைப் பக்கம் போகும்.

தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். சில வருடங்களில் உயிரோடு ஏறுவதைவிடச் செத்து ஒதுங்குவதை அதிகமாகப் பார்க்கிறோம். விசைப்படகு வலையில் மூச்சுத் திணறிச் சாவது ஒரு காரணம். அறுந்து மிதக்கும் வலையில் கழுத்து மாட்டிச் சாவது இன்னொன்று. அந்த அறுந்த வலை எங்களுடையது. மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நைலான் வலை கிழிந்தால் கரைக்குக் கொண்டுவராமல் கடலிலேயே அறுத்துவிடுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். பருத்தி வலை காலத்தில் அறுந்தது மக்கிப்போயிற்று. நைலான் மக்காது. யாருக்கும் சொந்தமில்லாமல் கடலடியில் கிடந்து வருடக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். பேய்வலை என்று சொல்வது அதைத்தான்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன வாரம் என் வலையில் ஒரு ஜவுளிக்கடைப் பை வந்தது. கனமான மஞ்சள் பிளாஸ்டிக், பிடி இரண்டும் அறாமல் இருக்கின்றன. கடையின் பெயர் பாதி அழிந்துவிட்டது. ஊர் கும்பகோணம் என்று தெளிவாக இருக்கிறது. அச்சிட்ட தொலைபேசி எண்ணில் ஐந்தே இலக்கம்தான் உள்ளது. ஐந்து இலக்க எண் எந்தக் காலத்தில் இருந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

---

நெல்மணி_72 | ஜூன் 29, காலை 6:30

இருவரும் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆணியில் பால் உறை குத்தியதைப் பேசிக்கொண்டிருந்தால் பிரச்சினையின் வேரை விட்டுவிடுவோம். 1950 முதல் 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன் என்று 2017இல் வந்த புகழ்பெற்ற கணக்கு சொல்கிறது. அதில் குப்பையானது 630 கோடி டன். அந்தக் குப்பையில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம்தான். நம் பாட்டிமார்கள் எல்லோரும் சேர்ந்து கழுவியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது. செய்கிறவன் செய்துகொண்டே இருக்கும்போது அள்ளுகிறவன் மட்டும் எத்தனை நாள் அள்ளுவான்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. எங்கள் கடைத்தெருவில் அந்தப் பை இன்றும் கேட்காமலே கிடைக்கிறது. பழக்கத்தைக் குற்றம் சொல்வதை நான் ஏற்கவில்லை.

---

பழையசாமான் | ஜூன் 29, பகல் 2:05

மணி அடித்துக்கொண்டு வந்தவர் எங்கே போனார் என்று கேட்டீர்கள். அவர் என் அப்பா. நான் அவர் மகன். மன்னார்குடிப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடத் தொழில். இந்தக் கேள்வியை எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கேரியரில் இரண்டு கூடை கட்டிய சைக்கிளில் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கிராமம் சுற்றுவார். அவர் வாங்கியதில் பெரும்பகுதி கெட்டிச் சாமான்: குடம், பக்கெட், சோப்புப் பெட்டி, செருப்பு. ஒரு குடம் என்றால் எடை நிற்கும். சைக்கிளில் ஏற்றுவதற்குக் கூலி கட்டும். வீட்டுக்காரருக்கும் கைமேல் ஒரு பண்டம் கிடைக்கும். மூன்று பேருக்கும் ஆதாயம் இருந்ததால் அது ஓடியது. இதை வெறும் பண்பாடு என்று சொல்லிவிடாதீர்கள். அதில் காசு இருந்தது.

பிறகு வந்தவை சின்னப் பாக்கெட்டுகள். ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய், நொறுக்குத்தீனி. இந்த உறையைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரியும். பிளாஸ்டிக், அதன்மேல் அலுமினியப் பூச்சு, மறுபடி வேறு வகைப் பிளாஸ்டிக் என்று அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். இதைப் பிரித்தெடுத்து உருக்குவதற்கு நான் சரக்கு அனுப்பும் ஆலைகள் எதிலும் வழி கிடையாது. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான பாக்கெட் பொறுக்க வேண்டும். சேர்த்தாலும் வாங்க ஆள் இல்லை. கடைமடைக்காரர் ஐயாவின் பன்னிரண்டரைச் சாக்கு இதுதான்.

வாங்கும் சரக்குக்கும் விலை நிலையில்லை. கச்சா எண்ணெய் விலை இறங்கினால், ஆலையில் உருக்கி வார்க்கும் புதுப் பிளாஸ்டிக் மணி மலிவாகும். அன்றைக்கு ஆலைக்காரர் பழசைக் கேட்க மாட்டார். நான் நேற்று கொடுத்து வாங்கியது இன்று நட்டத்தில் கிடக்கும். 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. சின்ன வியாபாரிகள் பலர் அதோடு பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு இரும்பும் அட்டையும் மட்டும் எடுக்கிறார்கள். சைக்கிளில் சுற்ற இப்போது ஆள் யார் வருகிறார்கள்? நடவுக்கே ஆள் இல்லை.

நெல்மணி ஐயா, உற்பத்தியைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காசு உள்ள பொருள் கடலுக்குப் போகாது என்பதை முப்பது வருடமாகக் கண்ணால் பார்க்கிறேன். உங்கள் மதகில் செம்புக் கம்பி மிதந்து வந்திருக்கிறதா? மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் உயர் நீதிமன்ற உத்தரவால் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. காட்டில் உடைந்து யானைக் காலில் குத்திய பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. அந்தப் பத்து ரூபாயை ஷாம்பு உறையில் ஒரு ரூபாயாக வைத்துப் பாருங்கள். ஒரு உறையும் தெருவில் கிடக்காது, நான் பந்தயமே கட்டுவேன்.

---

குடந்தைப்பெண் | ஜூன் 29, இரவு 8:22

பழையசாமான் தம்பி, உங்கள் அப்பாவிடம் நானும் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றிருக்கலாம். எங்கள் பிறந்த வீடு நீடாமங்கலம் பக்கம்.

அந்த ஆணி என் வீட்டில் 2018 வரை இருந்தது. வண்டி வாசலுக்கே வருகிறது, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தரவேண்டும் என்றபோது மிகவும் மகிழ்ந்தேன். பச்சைக் கூடை, நீலக் கூடை இரண்டும் வாங்கினேன். பால் உறை, தயிர் உறையைக் கழுவிக் காயவைத்துத் தனியாகக் கட்டிக் கொடுத்தேன். ஒரு நாள் மாடியிலிருந்து பார்க்கிறேன், இரண்டு கூடையையும் ஒரே தொட்டியில் கவிழ்க்கிறார்கள். சாம்பார்ச் சோற்றின்மேல் நான் காயவைத்த உறைகள். அன்றைக்கு ஏற்பட்ட மனக்கசப்பில் நானும் விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் பழக்கம் போயிற்று. பதினைந்து வருடமாகச் சேர்த்த பழக்கம். யார்மேல் கோபப்படுவது என்று இன்றும் தெரியவில்லை, ஆனால் கோபம் இருக்கிறது.

எங்கள் ஊர் காப்பிக்குப் பெயர் பெற்றது. பித்தளை டபராவில் ஆற்றிக் குடித்த காப்பியை இப்போது கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் உறையில் ஊற்றி ரப்பர் போட்டுத் தருகிறார்கள். தூக்குவாளி எடுத்துக்கொண்டு போனால், "எதற்கம்மா சிரமம், நாங்களே கட்டித் தருகிறோம்" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதனால் மறுப்பது இன்னும் கடினமாக இருக்கிறது.

கரைவலை அண்ணா, அந்தப் பையின் நிறம் மாம்பழ மஞ்சளா? கடைப் பெயருக்கு மேலே குத்துவிளக்குப் படம் இருக்கிறதா?

---

விடியல்வண்டி | ஜூன் 30, அதிகாலை 4:15

அக்கா, ஒரே தொட்டியில் கவிழ்த்தது என் அம்மாவாக இருந்திருக்கலாம். வேறு ஊர், ஆனால் அதே வேலை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். நான் இந்த நேரத்தில் எழுதுவதற்குக் காரணம், அவரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு இப்போதுதான் திரும்பினேன்.

அவருக்குக் கொடுத்த வண்டியில் முதலில் நான்கு தொட்டி இருந்தது. இரண்டு உடைந்தது. மாற்றித் தரவில்லை. முந்நூறு வீட்டை எட்டரை மணிக்குள் முடிக்க வேண்டும். பிரித்துக் கொடுக்கும் வீடு அந்தத் தெருவில் பத்து இருக்கலாம். மற்ற வீடுகளில் டயப்பரும் சோறும் உடைந்த கண்ணாடியும் ஒரே பையில் முடிச்சுப் போட்டு வரும். முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டுப் பிரிக்க வேண்டும். அவர் உள்ளங்கையில் ஊசி குத்தி ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவிழ்க்காதே என்று நான்தான் சொன்னேன்.

அந்தப் பத்து வீட்டை என் அம்மாவுக்குத் தெரியும். கழுவிய உறை வரும் வீடுகளின் கதவு எண்ணைச் சொல்வார். அதைத் தன் சேலைத் தலைப்பில் முடிந்து வந்து தனியே சேர்த்து விற்பார். மாதக் கடைசியில் அந்தக் காசில்தான் எங்களுக்கு மீன் வாங்குவார். நீங்கள் நிறுத்தியது உங்களுக்கு ஒரு வாரத்தில் போன பழக்கம், எங்களுக்கு ஒரு குழம்பு. குறை சொல்லவில்லை அக்கா, இதுவும் உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

---

குடந்தைப்பெண் | ஜூன் 30, காலை 7:02

தம்பி, காலையில் உங்கள் பதிவைப் படித்துவிட்டு அழுதேன். ஆணியை இன்றே அடிக்கிறேன். எங்கள் தெருவுக்கு வருகிற அம்மாவிடம் நேரிலேயே கொடுக்கிறேன். அவர் பெயரை இத்தனை வருடமாக நான் கேட்டதில்லை.

---

சம்பாக்காலம் | ஜூன் 30, காலை 9:40

கடைமடைக்காரர் ஐயா, களத்தில் கிடப்பதைக் கொளுத்திவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். சுத்தமாக முடிந்துவிடும்.

---

அலையாத்தி | ஜூன் 30, இரவு 10:30

சம்பாக்காலம் அவர்களே, தயவுசெய்து வேண்டாம். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அந்தக் குவியலில் குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருந்தாலும் எரியும்போது டையாக்ஸின் என்ற கொடிய நச்சு உண்டாகும். வயலில் படியும் சாம்பல் மாட்டுக்குப் போகும், பாலுக்கு வரும். நேச்சர் இதழில் 2024இல் வந்த ஆய்வு, இந்தியா எரித்தும் சிதறவிட்டும் வெளியேற்றும் பிளாஸ்டிக் ஆண்டுக்கு 93 லட்சம் டன் என்றது. உலகில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பாதிக்கு மேல் இப்படித் திறந்த வெளியில் எரிப்பதுதான்.

பிளாஸ்டிக் ஐந்நூறு வருடத்தில் மக்கும் என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே எல்லோரும் சொல்கிறார்கள். மக்குவது என்றால் மண்ணாக மாறுவது. பிளாஸ்டிக் வெயிலில் வெடித்து, அலையில் அரைபட்டுப் பொடியாகிறது. பொடியாகியும் பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. கரைவலை அண்ணன் மடியில் பை மட்டும் ஏன் அதிகம் வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. பை செய்யும் பாலித்தீன் தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் மிதந்து வெகுதூரம் போகும். பிறகு மேலே பாசியும் கிளிஞ்சலும் ஒட்டிக் கனமாகி மூழ்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம். மூடியோடு இருக்கும்வரை மிதக்கும், மூடி கழன்று நீர் புகுந்தால் அங்கேயே அடியில் போய்விடும். ஆற்றுப்படுகையில் புதைந்திருப்பதை நாம் யாரும் எண்ணுவதே இல்லை.

நான் பார்த்துப் பார்த்து வருந்துவது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு, கந்தபரிச்சானாறு எல்லாம் அந்தக் காயலில்தான் விழுகின்றன. அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மரம் மூச்சுவிடுவது அதன் வழியாக. பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போயிருந்தபோது அந்த வேர்களின்மேல் பைகள் தொப்பி போட்டதுபோலக் கவிழ்ந்திருந்தன. ஒரு மாணவி படகிலிருந்து குனிந்து எட்டியவரை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். திரும்பும்போது அவள் மடியில் ஒரு குவியல்.

அங்கிருந்து தெற்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் அறிவித்தார்கள். கடற்பசு தின்பது கடற்புல். நம் வாய்க்கால் கொண்டுவிடுவது அந்தப் புல்லின்மேல் படிகிறது. கிழக்கே வேதாரண்யத்து உப்பளங்கள். இந்தியாவில் விற்கும் உப்பில் நுண்பிளாஸ்டிக் இருப்பதை 2018இல் பம்பாய் ஐஐடி ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயந்து உப்பை விட வேண்டாம். கடல்நீரை மணலில் வடித்தாலே பெரும்பகுதி நீங்கும் என்றும் அவர்களே சொன்னார்கள். ஆனால் நாம் கடலுக்குக் கொடுத்ததைக் கடல் நம் சோற்றில் திருப்பி வைக்கிறது என்பது உண்மை.

---

கரைவலை | ஜூலை 1, பகல் 12:20

குடந்தைப்பெண் தங்கைக்கு: ஆமாம், குத்துவிளக்கு இருக்கிறது. பாதிதான் தெரிகிறது.

---

குடந்தைப்பெண் | ஜூலை 1, பகல் 12:51

அண்ணா, அது எங்கள் தெருக் கோடியில் இருந்த கடை. என் முகூர்த்தப் புடவை அங்கே எடுத்தது, 1994. கடைக்காரர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. அந்த மாதிரி ஒரு பையில்தான் புடவையைப் போட்டுக் கொடுத்தார். அதில் வருடக்கணக்கில் துணி வைத்திருந்தேன், பிறகு எப்போது எறிந்தேன் என்று நினைவில்லை.

---

நெல்மணி_72 | ஜூலை 1, இரவு 9:15

கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை, தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது, பைக்குப் பிடிகூட அறவில்லை. படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உற்பத்தி செய்தவன் தன் உறையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. அந்தப் பொறுப்பு காகிதத்தில் சான்றிதழாக முடிந்துவிடாமல், எங்கள் வாய்க்கால் கரை வரைக்கும் வர வேண்டும். பழையசாமான் சொன்ன ஒரு ரூபாயும் என் கருத்தும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ரூபாயை உறை செய்கிறவன் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

---

கடைமடைக்காரன் | ஜூலை 6, இரவு 8:00

கொளுத்தவில்லை. பன்னிரண்டரைச் சாக்கும் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது.

நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம். ஷட்டருக்கு ஐம்பது அடி முன்னால், வாய்க்காலுக்குக் குறுக்கே நேராக இல்லாமல் சாய்வாக, மூங்கில் கட்டி மேல்மட்டத் தண்ணீரில் மட்டும் பழைய மீன்வலை தொங்கவிட்டோம். நேராகக் கட்டினால் ஆகாயத்தாமரை அழுத்தத்தில் மூங்கில் முறிந்துவிடும் என்று லஸ்கர் சொன்னார். சாய்வாக இருந்தால் மிதப்பது கரையோரமாகத் தானே ஒதுங்கும், ஓரத்தில் நின்று அள்ளலாம். பாசனப் பிரிவில் வாய்மொழியாகத்தான் அனுமதி. தண்ணீர் தடைபட்டால் அன்றே பிரித்துவிட வேண்டும் என்று நிபந்தனை. நியாயமானதே. மேட்டூர் நிரம்பிவிட்டதால் தண்ணீர் தாராளமாக வருகிறது, குப்பையும்தான். ஐந்து நாளில் ஆறு சாக்கு.

வலை எங்கிருந்து கிடைத்தது என்றால், கரைவலை அண்ணன் தன் பழைய வலையைப் பேருந்தில் போட்டு அனுப்பினார். கடலில் அறுத்து விட்டிருக்க வேண்டிய வலை என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார்.

பழையசாமான் தம்பி, விலை போகாத இந்தச் சாக்குகளை என்ன செய்வது? அதற்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

---

பழையசாமான் | ஜூலை 7, காலை 10:10

ஐயா, இரண்டு வழி. சிமெண்ட் சூளையில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்க எடுக்கிறார்கள். அந்த வெப்பத்தில் கொல்லைப்புற நெருப்புபோல் நச்சு நிற்காது. ஆனால் லாரி வாடகை கட்டும் அளவுக்குச் சேர வேண்டும். அதை மறுசுழற்சி என்று நான் சொல்ல மாட்டேன், எரிப்புதான். இன்னொன்று, சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் காட்டிய முறை. சூடான ஜல்லியின்மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும், தார் நன்றாகப் பிடிக்கும். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உறை, பை எல்லாம் அதற்கு ஆகும், பிவிசி மட்டும் கூடாது. ஊராட்சி ஒன்றியத்தில் துருவும் இயந்திரம் இருக்கிறதா, ஓடுகிறதா என்று கேளுங்கள். இருந்தால் நான் ஆள் அனுப்பிப் பிரித்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

கெட்டிச் சாமானுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மினி வேன் அனுப்புகிறேன். களத்தில் நிழலும் உலர்த்த இடமும் வேண்டும். ஈரச் சரக்கை எடை போட்டால் எனக்கு நட்டம், காயவைத்தால் உங்களுக்குக் கூடுதல். டிரைவரிடம் மணியும் கொடுத்து அனுப்புகிறேன்.

---

கரைவலை | ஜூலை 9, இரவு 11:30

கொல்லத்துக்குப் பக்கத்தில் சக்திகுளங்கரா என்று துறைமுகம். 2017 முதல் அங்கே படகுக்குப் படகு நைலான் பை கொடுத்து, மடியில் வரும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவர வைத்தார்கள். பெண்கள் அதைக் கழுவிப் பிரித்தார்கள், துருவிச் சாலைக்குக் கொடுத்தார்கள். இதை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் எடுத்துச் சொன்னேன். "கொண்டுவந்து எங்கே போடுவது?" என்று கேட்டார்கள். இதுவரை என்னிடம் பதில் இல்லாத கேள்வி அது. இப்போது பழையசாமான் தம்பியின் கடை முகவரி இருக்கிறது. பதினொரு படகு சம்மதித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து வெளியேறிய பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரி, தனுஷ்கோடிக் கரையில் ஒதுங்கின. ஜவ்வரிசிபோல வெள்ளையாக, மணலோடு மணலாக. அதைச் சல்லடை வைத்துச் சலித்தார்கள். பை என்றால் கையால் எடுக்கலாம். மணியாகவும் பொடியாகவும் ஆகிவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பையாக இருக்கும்போதே பிடியுங்கள், உங்கள் மதகிலேயே.

---

அலையாத்தி | ஆகஸ்ட் 16, இரவு 7:45

ஜெனீவாவில் உலக நாடுகள் கூடிப் பேசிய பிளாஸ்டிக் ஒப்பந்தம் நேற்று உடன்பாடில்லாமல் முடிந்துவிட்டது. 2022இல் நைரோபியில் தீர்மானம் போட்டுத் தொடங்கியது. போன வருடம் தென்கொரியாவின் பூசானிலும் இப்படியே கலைந்தார்கள். உற்பத்திக்கு வரம்பு வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் சிக்கல், நெல்மணி ஐயா முதல் நாளே சொன்ன இடம். மனம் சோர்ந்துவிட்டது. கடைமடைக்காரர் ஐயா, உங்கள் வலை இருக்கிறதா?

---

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 16, இரவு 9:30

இருக்கிறது அம்மா. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஒரு மூங்கில் முறிந்தது, மாற்றிவிட்டோம். அன்று வந்ததில் பிளாஸ்டிக் வளையலும், காதோலை கருகமணி வைத்த தெர்மாகோல் தட்டும் அதிகம். மேலே உள்ள படித்துறைகளில் வாழைமட்டையிலும் தேங்காய் மூடியிலும் விளக்கு விடச் சொல்லி அடுத்த ஆடிக்குள் பேச வேண்டும். நாங்கள் பேசினால் கேட்பார்களா தெரியாது. குடந்தைப்பெண் தங்கை தன் தெருவில் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

இதுவரை 31 சாக்கு. கெட்டிச் சாமான் நான்கு முறை போயிற்று. ஒன்றியத்தில் துருவும் இயந்திரம் இருக்கிறது, மோட்டார் எரிந்துபோய்ப் பூட்டிக் கிடக்கிறது. மனுக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். விடியல்வண்டித் தம்பி, உங்கள் அம்மாவுக்கு அன்று ஓய்வு என்றால் அவரையும் அழைத்துவர முடியுமா? எதை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அதிகாரியிடம் அவர் சொன்னால் எடுபடும். பஸ் காலை 9:20க்கு. நான் நிறுத்தத்தில் நிற்கிறேன்.